தரையில் மெழுகிய காட்டெருது

இலங்கையில் முந்நூறு வருடத்துக்கு முன்பே அற்றுப்போனதாகப் படித்தவர்கள் சொல்லும் ஒரு மிருகத்தின் சாணியைக் கரைத்து, தன் வீட்டுத் தரையை மெழுகியவள் என்று எங்கள் தோட்டத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பல், அவர்கள் வாய். ஆனால் இந்தக் கதையை இத்தனை காலமும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லி வந்திருக்கிறேன். விழுங்கிய பாதியையும் சேர்த்து இப்போது எழுதிவிடுகிறேன்.

கொஸ்லந்தைக்கு மேலே, காட்டை ஒட்டியிருந்தது எங்கள் தோட்டம். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு நாலைந்து வருடம் முந்திய சங்கதி இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். நான் கொழுந்து எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு மேல்மலை நாற்றுமேடையில் காவல் வேலை. புதிதாக நடுவதற்கென்று தேயிலைக் கன்றுகளைப் பாத்தி பாத்தியாக அங்கே வளர்த்திருந்தார்கள். பன்றியும் மரைமானும் இறங்கி மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரத்தில் அவர் மலையிலிருந்து இறங்குவார், நான் ஏறுவேன். புருசனும் பெண்சாதியும் முகம் பார்த்துக்கொள்வதே நடுவழியில் ஐந்து நிமிடம்தான்.

அந்த ஐந்து நிமிடத்திலும் பேசுகிறவள் நான்தான். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் விடிந்துவிடும். எனக்கோ வாயை மூடினால் தலைவலி வரும். ஜாடிக்கேற்ற மூடி என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

புகுந்த வீட்டுக்கு நான் கொண்டுவந்தது ஒரு பசு. ஸ்பிரிங்வெளியில் என் அம்மா வீட்டில் கன்றிலிருந்து நான் கையால் புல் கொடுத்து வளர்த்தது. கல்யாணம் முடிந்து வரும்போது லொறியில் ஏற்றினோம். அது மிரண்டு காலை உதைத்ததால் பட்டுச் சேலையோடு நான் பின்னால் ஏறி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை முன் சீட்டில் மாலையோடு வந்தார். பதுளை டவுனில் லொறியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினபோது கடைவீதியே திரண்டு வேடிக்கை பார்த்தது. "பொண்ணு யாரு, மாடு யாரு?" என்று ஒருத்தன் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தோட்டத்தில் மாடு வளர்ப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. மாடு தேயிலைக்குள் இறங்கினால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை மாடு தோட்டத்தை விட்டே போய்விட வேண்டும். என் மகாராணி முதல் தடவையை வந்த மூன்றாம் மாதமே முடித்துவிட்டிருந்தாள்.

அது ஒரு மார்கழி மாதம். விடியும்போது எழுந்து கொட்டிலுக்குப் போனேன். கயிறு அறுந்து கிடந்தது. மாட்டைக் காணோம். ஆத்தீ! கீழே ஓடைப்பக்கம் பார்த்தேன், இல்லை. அப்படியானால் மேலேதான். மேலே என்றால் நாற்றுமேடை. தலையில் துணியைக் கூடப் போடாமல் பனிக்குள் ஓடினேன்.

பாதி வழியில் எதிரே வருகிறாள் மகாராணி. நாற்றுமேடைப் பக்கமிருந்துதான் வருகிறாள். குளம்பெல்லாம் சிவப்பு மண். புஸ் புஸ்ஸென்று மூச்சு வேறு. காதைப் பிடித்து இழுத்துவந்து கொட்டிலில் கட்டி, குளம்பைக் கழுவிவிட்டு, திரும்பவும் மேலே ஓடினேன்.

மேடையில் இரண்டு பாத்தி நாசம். கன்றுகள் மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்தன. நடுவிலே ஆவி பறக்க ஒரு குவியல் சாணி. என் வீட்டுக்காரரைக் காணவில்லை. எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைக்குச் சேதி சொல்லக் குறுக்குப் பாதையில் போயிருப்பார் என்று புரிந்தது. கணக்கப்பிள்ளை வந்து அந்தச் சாணியைப் பார்த்தால் என் மாடு அன்றைக்கே போய்விடும். மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து விரித்தேன். இரண்டு கையாலும் அள்ளினேன். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. மேடையைச் சுற்றி வளர்த்திருந்த புல்லை வயிறு முட்டத் தின்றிருக்கிறாள் கழுதை என்று திட்டிக்கொண்டே அள்ளினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. எங்கே ஒளிப்பது? ஓடையில் போட்டால் குடிக்கிற தண்ணீர். குழியில் போட்டால் நாய் கிளறும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் சாணியைத் தரையில் மறைக்கலாமே! வாளியில் போட்டு, அடுப்புக்கரியை நுணுக்கிக் கலந்து, தண்ணீர் விட்டுக் கரைத்தேன். எங்களுக்கு வரிசை வீடான லயத்தில் காம்பரா என்று ஒரே ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்ன வராந்தா. இரண்டையும் மெழுகினேன். வாசற்படியை மெழுகினேன். அப்படியும் வாளியில் மிச்சம் இருந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"என்னாடி இது, இன்னிக்குச் செவ்வாக்கெழம தானே? வெள்ளிக்கெழம மெழுகுறத இன்னிக்கே மெழுகிட்ட?" என்றாள் அக்கா.

"வீடு சுத்தமா இருந்தா மனசு சுத்தமா இருக்கும்க்கா."

"ஒன் மனசுக்கு ஒரு வாளி காணாதுடி" என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கையில் சாணி வாசம் போகாமல் பெரட்டுக்கு ஓடினேன். அங்கே கணக்கப்பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரில் என் வீட்டுக்காரர்.

"யாரு மாடுடா அது?" என்று கணக்கப்பிள்ளை உறுமினார்.

"எந்த மாடும் நாத்த மிதிக்கலீங்க ஐயா. அது காட்டு மிருகம். மாடு மாதிரிதான், ஆனா மாடு இல்ல. நல்ல கறுப்பு. முதுகு என் தலைக்கு மேல. நாலு காலும் முட்டுக்குக் கீழ வெள்ளை."

"எருமையப் பாத்துருப்ப."

"எருமைக் கொம்பு பின்னால சாஞ்சிருக்கும்ங்க. இது மேல எழும்பி வளைஞ்சு நிக்குது."

"ஓஹோ! காலுக்கு வெள்ள மேஸ் மாட்டிக்கிட்டு வந்துச்சாக்கும்? சப்பாத்து போடலியா?"

பெரட்டுக் களமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு பொய் சொல்லாத மனுஷன். அம்மியில் அரைத்த துவையலில் உப்பில்லை என்றால் உப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர். என் மாட்டுக்காக, எனக்காக, நூறு பேருக்கு முன்னால் இப்படி ஒரு பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாரே! அவர்மேல் எனக்கு ஆசை வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும், அதுதான் உண்மை.

உடனே முன்னால் பாய்ந்தேன். "என் புருசன் பொய் சொல்ற ஆளு இல்ல! வெள்ளக் காலுன்னு சொன்னா வெள்ளக் காலுதான்! ராத்திரியெல்லாம் பனியில நிக்கிறவருக்குத் தெரியாதது, போர்வைக்குள்ள தூங்குறவங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

கணக்கப்பிள்ளைக்கு மூக்கு சிவந்துவிட்டது. விஷயம் தோட்டத்து உதவி மானேஜர் சின்னத்துரைக்குப் போனது. அவர் இளவட்டம், மோட்டார் சைக்கிளில் வருவார், சிரித்தாலும் சட்டத்தை விடமாட்டார். மேடையைச் சுற்றிப் பார்த்தார். அதற்குள் கணக்கப்பிள்ளை ஆட்களை விட்டுப் பாத்தியைத் திருத்தச் சொல்லிவிட்டதால் காலடிகளெல்லாம் அழிந்திருந்தன. வாய்க்கால் ஓரத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். என் வீட்டுக்காரர் அதன்மேல் ஒரு பழைய தகரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஒரு அடி போதாது" என்றார் சின்னத்துரை. "மாசம் முடியட்டும். அதுக்குள்ள அது காட்டு மிருகம்னு யாராவது படிச்சவங்க வந்து சொல்லணும். இல்லாட்டி ஒன் மாடும் போகணும், ஒன் புருசனும் காவல் வேலையில இருந்து எறங்கணும்."

படித்தவர்களுக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த படித்தவர் கொஸ்லந்தைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான். தினமும் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். சாமான் வாங்கப் போனபோது அவரிடம் கொட்டித் தீர்த்தேன். நான் பாராததையும் சேர்த்து நானே பார்த்தது மாதிரி சொன்னேன் என்று வையுங்கள்.

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்ச பாரு தங்கச்சி, இது சும்மா விசயமில்ல. நான் பேப்பருக்கு ஒரு கடுதாசி போடுறன்" என்றார். போட்டும்விட்டார். ஒரு வாரத்தில் பத்திரிகையின் ஒரு மூலையில், இரண்டு விரல் அகலத்துக்கு, எங்கள் தோட்டத்து மிருகம் வந்துவிட்டது.

இதற்கிடையில் லயத்துப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். தகரத்துக்கு அடியில் இருந்த காலடியைப் பார்க்கப் போன பக்கத்துக் காம்பரா அக்கா, "மார்கழி மாசம், திருவாதிரை நெருங்குற நேரம், இது நந்தியில்லாம வேற என்னா?" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் காலடிக்கு மஞ்சள் தண்ணீர். அடுத்த நாள் பால். அதற்கடுத்த நாள் குங்குமம், விபூதி, கற்பூரம், ஒரு சீப்பு வாழைப்பழம். என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். "சாமி காரியத்துல ஆம்பள தலையிடாதீங்க" என்று அவரைத் துரத்திவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். என் மாட்டின் காலடி நந்தியின் காலடியாகிவிட்டால் யாருக்கு நஷ்டம்?

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஓர் ஐயா வந்து இறங்கினார். குட்டையான மனிதர். தடித்த கண்ணாடி. காற்சட்டைப் பையிலெல்லாம் சின்னச் சின்னப் போத்தல். மிருகங்களைப் பற்றிப் படித்தவராம். பத்திரிகையில் பார்த்துவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார். நானா கடையை அடைத்துவிட்டு அவரோடு வந்திருந்தார். சின்னத்துரையும் கணக்கப்பிள்ளையும் வந்தார்கள். லயமே பின்னால் வந்தது.

ஐயா என் வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கொம்பு எப்படி, நெற்றி எப்படி, முதுகில் திமில் இருந்ததா, வால் எவ்வளவு நீளம். அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அடேயப்பா, பொய்யைக்கூட இந்த மனுஷன் எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறார் என்று நான் மலைத்துப் போனேன்.

"இது காட்டெருது" என்றார் ஐயா. "சிங்களத்தில் கவரா என்று சொல்வார்கள். இந்தியக் காடுகளில் இருக்கிறது. இங்கேயும் முந்நூறு வருடத்துக்கு முன்பு, கண்டி ராசாக்கள் காலத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கண்டதாக ஒருவரும் சொன்னதில்லை. காலடி இருக்கிறதாமே?"

காலடியைக் காட்டினோம். ஐயா தகரத்தைத் தூக்கினார். உள்ளே குழைந்த குங்குமமும் கற்பூரக் கரியும் எறும்பு மொய்த்த பழத்தோலும் இருந்தன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "சாணம் ஏதாவது?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க. பெரிய குவியல். கணக்கப்பிள்ளை ஐயாவக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள காணாமப் போயிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் மெல்லப் பின்வாங்கினேன். ஆனால் அக்காவின் வாய் சும்மா இருக்குமா? "அது நடந்தது செவ்வாக்கெழமயில்ல? அன்னிக்குத்தானே இவ எனக்கு ஒரு வாளி மெழுகக் குடுத்தா!"

அத்தனை கண்ணும் என்மேல். குட்டு உடைந்துவிட்டது. இனி வாயால்தான் பிழைக்க வேண்டும். "ஆமா, நாந்தான் அள்ளுனேன்! சாணி கெடந்தா அள்ள மாட்டாங்களா? வீணாப் போகட்டும்னு பாத்துக்கிட்டுப் போக நான் என்ன பங்களா தொரசாணியா?"

ஐயா துள்ளி எழுந்தார். "எங்கே அம்மா? எங்கே அது?"

"தரையில."

வீட்டுக்கு வந்தார்கள். ஐயா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நான்கு காலில் தவழ்ந்து உள்ளே போனார். மூக்கைத் தரையில் வைத்து மோந்து பார்த்தார். பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? இவர் மோந்தே என் மாட்டைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று கதவோரமாக ஒதுங்கினேன்.

கணக்கப்பிள்ளை சமயம் பார்த்து, "சாணிய அவசரமா மறைச்சதுலயே தெரியல? இது அவ மாட்டுச் சாணிதான்" என்றார்.

அப்போது அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். "ஐயா, ஒங்க வீட்டுல சிமிந்தித் தர. ஒங்களுக்கு என்னா தெரியும்? ஒரு மாடு ஒரு தடவ போடுறது அரைக் காம்பராவுக்குக் காணுமா?"

"எங்க காணும்? மூலைக்கே எட்டாது" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டு நாள் சேத்து வச்சாத்தான் ஒரு காம்பரா" என்றாள் மூன்றாமவள்.

"இவ காம்பரா மெழுகியிருக்கா, இஸ்தோப்பு மெழுகியிருக்கா, படி மெழுகியிருக்கா. மிச்சத்துல என் காம்பராவே முடிஞ்சிருச்சு. அம்புட்டையும் ஒரு மாடு ஒரே தடவையில போட்டுச்சுன்னா, அந்த மாட்டக் கும்புட வேண்டியதுதான்!"

"அப்ப நாலு மாடு வந்திருக்கும்" என்றார் கணக்கப்பிள்ளை.

"லயத்துல இருக்கிறதே ரெண்டு மாடு. எங்க மாடு அன்னிக்குக் கன்னு போட்டுட்டு எந்திரிக்க மாட்டாமக் கெடந்துச்சு. மிச்ச மூணு மாட்ட நீங்க கொண்டாந்தீங்களா?"

சின்னத்துரை திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். ஐயா தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். எத்தனை காம்பரா, எவ்வளவு தடிப்பு, எத்தனை வாளி தண்ணீர் என்று ஒவ்வொருத்தியையும் கேட்டார். அவர் படித்த புத்தகம் எதிலும் இப்படி ஓர் அளவு இல்லையாம். பிறகு ஒரு சின்னக் கத்தியால் என் தரையின் மூலையைச் சுரண்டிப் போத்தலில் போட்டார். ஒரு போத்தல் இரண்டாகி, இரண்டு நான்காகியது.

"ஐயா, போதும்யா. சொவரு விழுந்துரப் போவுது" என்றேன்.

சின்னத்துரை அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாடு இருக்கட்டும். காவல்காரரும் அவர் வேலையில் இருக்கட்டும். நான் கொட்டிலுக்குப் போய் மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே வயிறு முட்டத் தின்னா, தோலை உரிச்சுருவேன்" என்று காதில் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஐயாவிடமிருந்து கடிதம் வந்தது. நானாதான் கடைவாசலில் வைத்து வாசித்தார். கரித்தூளும் மண்ணும் கலந்துவிட்டதால் சாணத்தை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. காவல்காரர் சொன்ன அடையாளங்கள் யாவும் பொருந்துகின்றன. ஆகவே 'கண்டிருக்கலாம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் கடிதம். நல்லவேளை கரியை நுணுக்கிப் போட்டேன் என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கி, 'கண்டிருக்கலாம்' என்ற இடத்தை நானாவிடம் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மடித்து, தகரப்பெட்டியில் எங்கள் கல்யாணப் படத்துக்கு அடியில் வைத்தார்.

தோட்டத்துக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. கண்டிருக்கலாம் என்றால் கண்டதுதானே! நான் அதைச் சொல்லாத இடமில்லை. தண்ணீர்ப் பீலியில் சொன்னேன். கல்யாண வீட்டில் சொன்னேன். பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, வார்டு முழுக்கச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கொம்பு வளர்ந்தது. பக்கத்தில் அவர் இருந்தால், "அவ்வளவு பெரிசு இல்ல புள்ள" என்று மெதுவாகத் திருத்துவார். பொய்யிலும் அளவு பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

லீவு நாளில் சில நேரம் அவர் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு காட்டோரப் பாறையில் போய் உட்காருவார். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். "வந்துச்சா ஒங்க எருது?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷனை எனக்கு மேலும் பிடித்துப்போனது. அவர் குடும்பத்தில் யாராவது என்னிடம் அவரைக் குறை சொன்னால், மனதுக்குள், 'எனக்காகப் பொய் சொன்ன ஆம்பள அவரு, ஒங்களுக்கு என்னா தெரியும்' என்று நினைத்துக்கொள்வேன். சண்டை பிடித்த நாட்களில் அந்த ஒன்றை நினைத்துத்தான் சோறு போட்டிருக்கிறேன்.

பதிமூன்று வருடம் போயிற்று. தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. சின்னத்துரை மாறினார், கணக்கப்பிள்ளையும் மாறினார். மகாராணி ஏழு கன்று ஈன்று, பல் விழுந்து, ஒரு நாள் காலையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வாழ்ந்து முடித்த சாவுதான். ஆனாலும் என் அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்த ஒரே உயிர் அது. வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரரும் இரண்டு பையன்களும் காட்டோரத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மற்றவர்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சாயங்கால வெயில் இருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "இந்த மாட்டுக்காக நீங்க அன்னிக்கு ஒரு பொய் சொன்னீங்களே, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னா பொய்?"

"அதாங்க. காட்டெருது."

"அது பொய்யின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? விடியக்காலம் கயிறு அறுந்து மாட்டக் காணோம். மேடப் பக்கமிருந்துதான் எறங்கி வந்துச்சு. குளம்பக் கழுவுனதே நாந்தானே!"

"ஏறி வந்துச்சு. நானும் பாத்தேன். கீழ வாய்க்காப் பாலத்துக்கிட்ட வந்ததும் அப்படியே நின்னுருச்சு. காத வெறச்சுக்கிட்டு மூக்கத் தூக்கி மோந்துச்சு. அப்பறம் வால முறுக்கிக்கிட்டு ஒரே ஓட்டம். மேடக்கி நம்ம மாடு வரவேயில்ல புள்ள."

"அத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நம்ம மாடு அவுந்து கெடந்துச்சுன்னு சொன்னா அப்பறம் எவன் என்னய நம்புவான்? அது ஒண்ணத்தான் மறைச்சேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சொன்னால் சிரிப்பீர்கள். பதிமூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த சொத்தை யாரோ பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. "அப்ப எனக்காக நீங்க பொய்யே சொல்லலியா?" என்று கத்தினேன்.

"பொய் சொல்லத் தெரிஞ்சா ஒங்கிட்ட ஏன் இத்தன வருசம் ஏச்சு வாங்குறேன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே இருந்தார்.

"ஊருக்கெல்லாம் நீதானே சொன்ன" என்றார். "ஒவ்வொரு தடவயும் நம்பித்தான் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டேன். எவன் நம்புனா என்னா, நம்பாட்டி என்னா. வீட்டுல ஒருத்தி நம்புறான்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கண்டதற்கு இருந்த ஒரே சாட்சியை அள்ளிக் கொண்டுவந்து, கரியைக் கலந்து கெடுத்தவள் நான். கெடுத்துவிட்டு எனக்கே சபாஷ் சொல்லிக்கொண்டவளும் நான். மாட்டுக்காக அழுததைவிட அதிகமாக அப்போது அழுதேன். அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "அது எப்படிங்க இருந்துச்சு?"

அவர் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"பனிக்குள்ள இருந்து நடந்து வரல. பனியே ஒரு எடத்துல கொஞ்சங் கொஞ்சமா கறுத்து உருவமா ஆச்சு. நெத்தியில சாம்ப நெறத்துல மயிரு. மூச்சு விட்டா பொகையா வருது. பாத்தியக் கெடுக்கணும்னு மிதிக்கல, பாவம். எடம் தெரியாம வந்த மாதிரி நின்னுச்சு. என்னயப் பாத்துச்சு. பயப்படல. எனக்கும் பயமில்ல."

"காவக்காரர்தானே நீங்க? சத்தம் போட்டு வெரட்ட வேண்டியதுதானே?"

"வெரட்டுனா போயிரும்ல?" என்றார். பிறகு, "ஒன்னய ஓடியாந்து எழுப்பலாமான்னுதான் மொதல்ல தோணுச்சு. நான் கீழ எறங்கி, நீ மேல ஏறுறதுக்குள்ள அது போயிரும். அதான் எங்கயும் அசையாம, அது காட்டுக்குள்ள போறவரைக்கும் ஒனக்கும் சேத்து நல்லாப் பாத்து வச்சுக்கிட்டேன். நீ ஒண்ணொண்ணாக் கேப்பியே, சொல்லணுமில்ல" என்றார்.

நான் கேட்கவே இல்லை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், கண்ட மனுஷனிடம் பதிமூன்று வருடத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத்தான், அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண் எப்படி, காது எப்படி, போகும்போது திரும்பிப் பார்த்ததா என்று ஒன்று விடாமல் கேட்டேன். அத்தனைக்கும் அவர் பதில் வைத்திருந்தார்.